யார் பெயரில் முகாம்?

அன்புள்ள ஐயா,

நான் திருநெல்வேலி மாவட்டத்தில் ஒரு சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபையைச் சேர்ந்தவன். சேகரக் கமிட்டியில், அதாவது எங்கள் வட்டாரச் சபை நிர்வாகக் குழுவில், இருக்கிறேன். அடுத்த வருடம் எங்கள் ஆலயத்துக்கு நூற்றைம்பது வயது. பெயின்ட் அடித்து, சிறப்பு மலர் வெளியிட்டு முடித்துவிடாமல் ஊருக்கு ஏதாவது செய்வோம் என்று வாலிபர் சங்கத்தில் கேட்டார்கள். கண் ஆஸ்பத்திரியைக் கூப்பிட்டு முகாம், ஆரம்ப சுகாதார நிலையத்தோடு சேர்ந்து சர்க்கரைப் பரிசோதனை, செலவுக்கு லயன்ஸ் கிளப் என்று திட்டம் போட்டோம். பக்கத்துத் தெருவில் கோயில் டிரஸ்ட்காரர்கள் அன்னதானம் நடத்துகிறார்கள், அவர்களையும் சேர்க்கலாம் என்றான் ஒரு பையன். அங்கேதான் பிடித்துக்கொண்டது.

“ஆண்டவருக்கு வந்த காணிக்கை. அதை வெளியாட்கள் பேரில் செலவழிக்கவா? ஒரு சுவிசேஷக் கைப்பிரதிகூடக் கொடுக்கக் கூடாதென்றால் அது என்ன சபை ஊழியம்?” என்று பெரியவர்கள் கேட்கிறார்கள். ஊருக்குள் சிலர், “இதெல்லாம் மதம் மாற்றத்தான்” என்கிறார்கள். முன்பு ஒரு பெரிய தொண்டு நிறுவனம் வழியாக எங்களுக்குக் கொஞ்சம் உதவி வரும். அதுவும் சில வருடங்களாக நின்றுவிட்டது. நீங்கள் வெளியிலிருந்து பார்க்கிறவர். என்ன நினைக்கிறீர்கள்?

த.

அன்புள்ள த.,

நான் எந்தச் சபையிலும் உறுப்பினன் இல்லை. மிஷன் பள்ளியில் படித்தவன், அவ்வளவுதான். வசனம் காட்டி உங்கள் பெரியவர்களோடு வாதாட என்னால் முடியாது. மலைப்பிரசங்கம் அவர்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். முகாம்களில் பார்த்ததை வைத்துச் சொல்கிறேன்.

முதலில் அந்த ‘வெளியாட்கள்’ பேச்சு. உங்கள் சேகரத்தில் ஒரு தொடக்கப் பள்ளியாவது இருக்கும். அங்கே வாத்தியார்களுக்குச் சம்பளம் யார் தருவது? 1854இல் கல்வி பற்றிய வுட் அறிக்கை வந்து அரசு மானியம் கிடைக்கத் தொடங்கியதிலிருந்து, மிஷன் பள்ளிகள் இன்ஸ்பெக்டரை உள்ளே விட்டு, சர்க்கார் விதிகளை ஏற்று, அந்தப் பணத்தில்தான் பெருகின. கட்டடமும் நிர்வாகமும் சபை பொறுப்பு, சம்பளம் சர்க்கார் பொறுப்பு, பிள்ளைகள் எல்லா மதத்திலிருந்தும். இதைவிடப் பெரிய கூட்டு எங்கே இருக்கிறது? அந்த வாத்தியார் நியமனங்களுக்காகத் திருமண்டலத் (பிஷப்பின் கீழுள்ள நிர்வாகப் பகுதி) தேர்தல்களில் நடக்கிற அடிதடியை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆக, வெளியாட்களோடு சேர்வது பெரியவர்களுக்குப் புதிதல்ல. யார் பெயர் மேலே வரும் என்பதுதான் அவர்கள் கவலை. நீங்கள் அதற்குத்தான் பதில் வைத்திருக்க வேண்டும்.

கண் முகாமையே எடுத்துக்கொள்வோம். நம் தென் மாவட்டங்களில் அதற்கென்று ஒரு நடைமுறை பல காலமாக இருக்கிறது. 1976இல் டாக்டர் ஜி. வெங்கடசாமி மதுரையில் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனைக்கு 1988 முதல் திருநெல்வேலியிலும் கிளை உண்டு. அவர்கள் வெளியூர் முகாம்களை உள்ளூர் அமைப்பு ஏதாவது ஒன்றோடு சேர்ந்துதான் நடத்துகிறார்கள். லயன்ஸ், ரோட்டரி, கோயில் அறக்கட்டளை, மில், சர்ச் என்று யாராக இருந்தாலும் சரி. இடம், விளம்பரம், ஆள் திரட்டுவது, வரிசையைப் பார்த்துக்கொள்வது எல்லாம் ஊர்க்காரர் பாடு. டாக்டர், கருவி, ஆபரேஷன், லென்ஸ் ஆஸ்பத்திரி பாடு. ஒரு காலத்தில் பள்ளிக்கூட அறையைக் கழுவிவிட்டு அங்கேயே ஆபரேஷன் செய்தார்கள். கிருமித் தொற்று பயத்தில் அந்த வழக்கம் போய்விட்டது. இப்போது முகாமில் பரிசோதனை மட்டும்தான். கண்புரை என்று தெரிந்தவர்களை அன்றைக்கே பஸ்ஸில் ஏற்றிக் கொண்டுபோய், ஆபரேஷன் முடிந்து சில நாளில் ஊரில் கொண்டுவந்து விடுவார்கள்.

அந்த பஸ்ஸில் ஏற்றுவதுதான் கஷ்டம். ஒரு முகாமில் பார்த்தேன். எழுபது தாண்டிய அம்மா ஒருவர். இரண்டு கண்ணிலும் புரை. சீட்டெல்லாம் எழுதி, ஆபரேஷன் செய்யவேண்டிய கண்ணுக்கு மேலே நெற்றியில் பிளாஸ்திரி ஒட்டியாகிவிட்டது. பஸ் படியில் கால் வைக்கப்போனவர் இறங்கிவிட்டார். “ஆட்டுக்கு யாரு தண்ணி வைப்பா?” ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பெண், இலவசம் என்கிறார், வலிக்காது என்கிறார், சாப்பாடு உண்டு என்கிறார். எதுவும் அந்த அம்மா காதில் ஏறவில்லை. அந்த ஊர்ச் சபையின் பெண்கள் ஐக்கிய சங்கத்திலிருந்து வந்திருந்த ஒருவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு வந்தார். “நான் வைக்கேன் பெரியம்மா. மூணு ஆடுதான?” “நாலு” என்று திருத்திவிட்டு அந்த அம்மா ஏறி உட்கார்ந்துகொண்டார்.

இதை நெகிழ்ச்சிக்காகச் சொல்லவில்லை. 1990களில் மதுரைப் பக்கத்துக் கிராமங்களில் ஓர் ஆய்வு செய்தார்கள். இலவச முகாம் நடந்த இடங்களிலேயே, கண்ணில் குறை இருந்தவர்களில் நூற்றுக்கு ஏழு பேர் அளவுக்குத்தான் முகாமுக்கு வந்திருந்தார்கள். இலவசம் என்றாலே வந்துவிடுவார்கள் என்பது நம் நினைப்பு. கூட்டிக்கொண்டு போக ஆள் இல்லை, போனால் வீட்டைப் பார்க்க ஆள் இல்லை, பயம், ‘இந்த வயசுக்கு மேல பாத்து என்ன ஆகப்போவுது’ என்ற எண்ணம். இதில் எதையும் டாக்டரால் தீர்க்க முடியாது. லயன்ஸ் கிளப் கொடுக்கிற பணத்தாலும் முடியாது. எந்த வீட்டில் யாருக்குக் கண் தெரியவில்லை, அந்த வீட்டு மருமகளிடம் எப்படிப் பேசவேண்டும், ஆடு எத்தனை என்று தெரிந்தவர்கள் வேண்டும். உங்கள் சபையிடம் இருப்பது அதுதான். காணிக்கைப் பெட்டியைப் பற்றி இத்தனை வாக்குவாதம் செய்கிறீர்கள். முகாமுக்குப் பெரிய வரவு பெண்கள் ஐக்கிய சங்கம். அவர்களைக் கமிட்டியில் பேச விட்டீர்களா? உங்கள் கடிதத்தில் வாலிபர் இருக்கிறார்கள், பெரியவர்கள் இருக்கிறார்கள், பெண்கள் ஒருவரும் இல்லை.

சுகாதார நிலையத்தோடு சேர்வது நல்ல யோசனை. ஆனால் இரண்டையும் ஒரே நாளில் வைக்காதீர்கள். சர்க்கரையோ ரத்த அழுத்தமோ ஏறியிருந்தால் கண் ஆபரேஷனைத் தள்ளிப்போட்டுவிடுவார்கள். தள்ளிப்போட்டவர் இரண்டாம் முறை வருவது அபூர்வம். சர்க்கரைப் பரிசோதனையை ஒன்றிரண்டு மாதம் முன்னாலேயே நடத்திவிடுங்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே மாத்திரை கொண்டுபோய்க் கொடுக்கும் பெண் தன்னார்வலர்கள் உங்கள் ஊரிலும் இருப்பார்கள். யார் மாத்திரை சாப்பிடுகிறார், யார் வாங்கிப் பரணில் போடுகிறார் என்பது அவர்களுக்குத் தெரியும். அவர்களையும் ஐக்கிய சங்கப் பெண்களையும் ஒரு சாயங்காலம் டீ கொடுத்து உட்காரவைத்தால் பாதி வேலை முடிந்தது.

சரி, முகாமை எங்கே வைப்பது? ஆலய வளாகத்தில் என்று முடிவு செய்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். நான் வேண்டாம் என்பேன். மதத்துக்காகச் சொல்லவில்லை. நம் பக்கம் இந்து வீட்டுக் கிழவிகள் சர்ச்சுக்குள் வரத் தயங்குவதில்லை. வேளாங்கண்ணிக்கு நடந்து போகிறவர்களில் பாதிப்பேர் யார்? தயக்கம் தெருவைப் பொறுத்தது. உங்கள் ஆலயம் எந்தச் சாதித் தெருவில் இருக்கிறது என்று எனக்குத் தெரியாது, ஆனால் ஏதோ ஒரு சாதித் தெருவில்தான் இருக்கும். ஞானஸ்நானம் வாங்கி நூற்றைம்பது வருடம் ஆகியும் அது கரையவில்லை. ஒரே ஊரில் இரண்டு சபைகள், இரண்டு கல்லறைத் தோட்டங்கள் என்று இருப்பதெல்லாம் எதனால்? காலனியிலிருந்து ஒரு பாட்டி, அந்தத் தெரு வழியாக நடந்துவந்து உங்கள் வளாகத்தில் பெஞ்சில் உட்காருவாரா என்று நேர்மையாக யோசித்துப் பாருங்கள். ஊராட்சி ஒன்றியப் பள்ளிக்கூடத்தைக் கேளுங்கள். ஞாயிற்றுக்கிழமை காலியாகத்தான் இருக்கும். தலைமையாசிரியர் சாவி தருவார். முகாம்கள் பெரும்பாலும் ஞாயிறு காலையில்தான் நடக்கும் என்பதால், ஆராதனை நேரம் என்னும் சிக்கலும் இதில் பாதி தீரும். மீதிப் பாதிக்கு, அன்று ஒருநாள் ஆராதனையை விடியற்காலைக்கு மாற்றும்படி உங்கள் சபைக் குருவான ஐயரிடம் கேளுங்கள்.

கைப்பிரதி விஷயம். கண்ணில் சொட்டு மருந்து விட்டு உட்கார்ந்திருக்கிறவரிடம் அச்சடித்த காகிதத்தை நீட்டினால் அவரால் படிக்கவே முடியாது. இது வேடிக்கைக்கு. நிஜமான காரணம் வேறு. வரிசையில் நிற்கிறவரால் விலகிப் போக முடியாது, வேண்டாம் என்று சொல்லவும் தைரியம் வராது, சொன்னால் சீட்டுக் கிழிந்துவிடுமோ என்று பயப்படுவார். அந்த நிலையில் இருப்பவரிடம் எந்த மதத்துக்காரரும் எதையும் நீட்டக் கூடாது. கட்சிக்காரர்களும்தான். உங்கள் பெரியவர்கள் இதை நாத்திகப் பேச்சு என்று நினைத்தால் ஒரு தகவல் சொல்லுங்கள். உதவியை எந்த மத, அரசியல் நிலைப்பாட்டையும் வளர்க்கப் பயன்படுத்தக் கூடாது என்று 1994இல் செஞ்சிலுவைச் சங்கமும் தொண்டு நிறுவனங்களும் நடத்தை விதி ஒன்றை உண்டாக்கின. சேர்ந்து உண்டாக்கியவர்களில் உலகத் திருச்சபைகள் மன்றம், லுத்தரன் உலகக் கூட்டமைப்பு, கத்தோலிக்கத் தொண்டு அமைப்பான காரித்தாஸ் மூன்றும் உண்டு. சுவிசேஷத்தில் அக்கறை இல்லாதவர்கள் என்று இவர்களைச் சொல்ல முடியாது.

“மதம் மாற்றத்தான்” என்கிறவர்களுக்குப் பேசிப் பதில் சொல்ல முடியாது. பெயர்ப் பதிவேடு சுகாதார நிலையத்து நர்ஸ் கையில் இருக்கட்டும். முகாமுக்கு வந்தவர்களின் போன் நம்பர் சபை அலுவலகத்துக்குப் போகவே கூடாது. இடம் பள்ளிக்கூடம், பதிவேடு அரசாங்கத்திடம், ஆபரேஷன் ஆஸ்பத்திரியில். அதற்கு மேலும் பேசுகிறவர்கள் பேசட்டும். பேனரில் கண் படத்தைப் பெரிதாகப் போடுங்கள். பிஷப் படம் வேண்டாம். ஒன்று வைத்தால் எம்.எல்.ஏ. படம் வரும், அப்புறம் லயன்ஸ் தலைவர், அப்புறம் தேதி எழுத இடம் இருக்காது.

பணம் நின்றுபோனது பற்றிக் கேட்டிருந்தீர்கள். அந்த நிறுவனம் வெளிநாட்டு நிதியை வாங்கிப் பகிர்ந்துகொண்டிருந்தது என்றால், காரணம், வெளிநாட்டு நிதி வாங்குவதை முறைப்படுத்தும் எஃப்.சி.ஆர்.ஏ. சட்டத்தில் 2020 செப்டம்பரில் வந்த திருத்தமாகத்தான் இருக்கவேண்டும். அதற்கு முன் வெளிநாட்டு நிதி வாங்கும் பெரிய அமைப்பு, பதிவு பெற்ற சின்ன அமைப்புக்கு அதில் பங்கு தரலாம். திருத்தத்துக்குப் பிறகு யாருக்கும் மாற்றித்தர முடியாது. நிர்வாகச் செலவுக்கு இருந்த 50 சதவீத வரம்பும் 20 ஆகக் குறைந்தது. பெரிய இடத்தில் வாங்கி ஊர் ஊராகப் பிரித்துக் கொடுக்கும் ஏற்பாடு இதனால் அடிபட்டது. சட்டம் சரியா என்பது வேறு கதை, எனக்கு அதன்மேல் நல்ல அபிப்பிராயம் இல்லை. ஆனால் ஒருநாள் முகாமுக்கு அந்தப் பணம் தேவையே இல்லை. அறுப்பின் பண்டிகையில் விளைச்சல் காணிக்கையை ஏலம் விடும்போது ஒரு பூசணிக்காயை வீம்புக்கு ஆயிரக்கணக்கில் ஏற்றி எடுக்கிற சபையார்தானே உங்கள் சபையாரும்? அந்த ஏலப் பணத்தில் ஒரு பங்கை ஒதுக்குங்கள். கணக்கை ஆலய நோட்டீஸ் பலகையில் மட்டுமல்ல, பள்ளிக்கூடச் சுவரிலும் ஒட்டுங்கள்.

கோயில் டிரஸ்ட் யோசனை சொன்ன பையனைக் கைவிட்டுவிடாதீர்கள். அதைக் கொஞ்சம் சுருக்கிக்கொள்ளலாம். கூட்டறிக்கை, மேடை, மத நல்லிணக்கச் சொற்பொழிவு எதுவும் வேண்டாம். அவர்களுக்குச் சமைக்கத் தெரியும், அண்டா இருக்கிறது. முகாமுக்கு வருகிறவர்களுக்கு மத்தியானச் சாப்பாடு போடமுடியுமா என்று மட்டும் கேளுங்கள். சர்க்கரைக்காரர்கள் அதிகம் வருவார்கள், பாயசம் வேண்டாம் என்று சேர்த்துச் சொல்லுங்கள். நம் பக்கத்தில் சபை கூடி விருந்து போடும் அசனப் பண்டிகையில் ஆட்டுக்கறிக் குழம்புக்கு எல்லாச் சாமி கும்பிடுகிறவர்களும் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுப் போகிறார்கள். யாரும் அதற்குக் கமிட்டி தீர்மானம் போட்டதில்லை.

பெயர் பற்றி இன்னும் ஒன்று. 1970களில் குமரிக் கடற்கரையில், கோட்டாறு மறைமாவட்டத்துப் பாதிரியார்களும் சமூகப் பணியாளர்களும் உதவி செய்து மீனவர் சங்கங்கள் உருவாயின. வியாபாரியிடம் கடன்பட்டு, அவர் சொன்ன விலைக்கு மீனைக் கொடுத்துக்கொண்டிருந்தவர்கள், சங்கத்தின் மூலம் தாங்களே ஏலம் விட ஆரம்பித்தார்கள். கேரளத்துச் சங்கங்களும் சேர்ந்து 1980இல் தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு வந்தது. அது மீனவர்களுடைய அமைப்பு. சர்ச் வளாகத்துக்குள்ளேயே வைத்துக்கொண்டிருந்தால் குமரியைத் தாண்டியிருக்குமா என்று எனக்குச் சந்தேகம்தான்.

தேதி விஷயத்தில் மட்டும் தாமதம் செய்யாதீர்கள். ஆஸ்பத்திரிக்காரர்களின் முகாம் அட்டவணை சீக்கிரம் நிரம்பிவிடும், இப்போதே போய்க் கேளுங்கள். ஆபரேஷன் ஆனவர்கள் சுமார் ஒரு மாதம் கழித்து மறுபடி கண்ணைக் காட்டவேண்டும், அதற்கும் அதே பள்ளிக்கூடத்தைச் சொல்லிவையுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் மாட்டிக்கொள்ளாமல் ஆகஸ்டுக்குள் முதல் முகாமை முடித்துவிடப் பாருங்கள்.

அன்புடன்.