குதிக்கும் ஃபோர்க்குக்கு எதற்குக் கூடுதல் பணம்?

இந்த முறை வந்த கடிதங்களில் சைக்கிள் பற்றியவைதான் அதிகம். கேட்பவர்கள் வேறு, ஊர்கள் வேறு. ஆனாலும் முன் சக்கரத்துக்கு மேலே பளபளவென்று நிற்கும் அந்த இரட்டைக் குழாயில்தான், அதாவது ஃபோர்க்கில்தான், எல்லாம் வந்து முடிகின்றன. ஆகவே ஒன்றாகவே பதில்.

கேள்வி: என் மகன் எட்டாம் வகுப்பு, எடை 38 கிலோ. பள்ளிக்கூடம் 4 கிலோமீட்டர் தூரம். கடையில் இரண்டு சைக்கிள்கள் காட்டினார்கள். ஒன்று 11,500 ரூபாய்: முன்னும் பின்னும் சஸ்பென்ஷன், டிஸ்க் பிரேக், 21 கியர். இன்னொன்று 9,000 ரூபாய்: சஸ்பென்ஷன் இல்லை, கியர் 7. மகன் முதல் சைக்கிளில் ஏறி உட்கார்ந்தவன் இறங்க மறுக்கிறான். வாங்கிவிடலாமா? – திருச்சி வாசகி

பதில்: எப்படியாவது இறக்கிவிடுங்கள்.

சஸ்பென்ஷனுக்கு இரண்டு வேலைகள் உண்டு. பள்ளத்தில் விழும்போது அடியை வாங்கிக்கொள்வது ஒன்று. அதை ஸ்பிரிங் செய்கிறது. வாங்கிய அடியைத் திருப்பி அடிக்காமல் அடக்குவது இன்னொன்று. அதற்கு எண்ணெய் வேண்டும். உள்ளே இருக்கும் எண்ணெய் சிறு துளைகள் வழியாகப் பிதுங்கிப் போகும்போது, ஸ்பிரிங்கின் துள்ளல் சூடாக மாறிக் கரைந்துவிடுகிறது. உங்கள் வீட்டு மோட்டார் சைக்கிளை சர்வீஸ் விடும்போது மெக்கானிக் ஃபோர்க் ஆயில் மாற்ற வேண்டும் என்று சொல்லியிருப்பார். அந்த எண்ணெய்க்கு இதுதான் வேலை.

பத்தாயிரம் ரூபாய் சைக்கிளின் ஃபோர்க்கில் அது கிடையாது. ஒரு ஸ்பிரிங், சில சமயம் ஒரு ரப்பர் கட்டை, குழாய் வழுக்கி ஓட இரண்டு பிளாஸ்டிக் வளையங்கள் (புஷ்), கொஞ்சம் கிரீஸ், அவ்வளவுதான். முதல் வேலையை அரைகுறையாகச் செய்யும், இரண்டாவது வேலைக்கு ஆளே இல்லை. பெரிய பள்ளத்தில் இறங்கினால் அடிமட்டம் வரை போய் ‘டங்’ என்று இடிக்கும். உடனே ஹேண்டில்பாரை மேலே தூக்கி எறியும்.

உங்கள் மகன் விஷயத்தில் அதுகூட நடக்காது. இந்த ஸ்பிரிங்குகள் பொதுவாகப் பெரியவர்களின் எடையை நினைத்துப் போடப்பட்டவை. 38 கிலோ பையன் ஏறினால் ஃபோர்க் அசைவதே அபூர்வம். அசையாத அந்தச் சாமானின் எடை சுமார் இரண்டரை கிலோ. சாதாரண இரும்பு ஃபோர்க் ஒரு கிலோவை ஒட்டி இருக்கும். பின்பக்க ஸ்பிரிங்கும் சேர்ந்தால் மொத்தச் சைக்கிள் 18 கிலோவுக்குப் போய்விடும். தன் எடையில் பாதியை அவன் தினமும் மிதித்துத் தள்ள வேண்டும். அதற்கு மேல் புத்தகப்பை வேறு.

பின்பக்க ஸ்பிரிங்கைப் பற்றி ஒரே வரி: ஒவ்வொரு மிதிக்கும் அது அமுங்கி எழும், காலின் பலத்தில் ஒரு பங்கு அதிலேயே செலவாகும். அந்த அமைப்பில் நல்ல கேரியர் மாட்டவும் இடமிருக்காது.

விலையையும் கொஞ்சம் யோசியுங்கள். 11,500 ரூபாய்க்குள் இரண்டு சஸ்பென்ஷன், இரண்டு டிஸ்க், 21 கியர் எல்லாவற்றையும் ஒரு நிறுவனம் எப்படிக் கொடுக்க முடிகிறது? ரிம், சக்கரத்தின் நடுவில் இருக்கும் ஹப், பெடல், செயின் என்று கண்ணில் படாத இடங்களில் கைவைத்துத்தான். 9,000 ரூபாய் சைக்கிளில் அந்தப் பணம் உருள வேண்டிய பாகங்களுக்குப் போயிருக்க வாய்ப்பு அதிகம். பதினொன்றாம் வகுப்பு மாணவர்களுக்கு அரசு கொடுக்கும் விலையில்லா மிதிவண்டியைப் பாருங்கள். அதில் ஸ்பிரிங்கும் இல்லை, கியரும் இல்லை. அதில்தான் எத்தனையோ பிள்ளைகள் மண் சாலைகளில் பள்ளிக்குப் போய் வருகிறார்கள்.

பையனைச் சமாதானப்படுத்த மிச்சமாகும் 2,500 ரூபாயைக் காட்டுங்கள். நல்ல ஹெல்மெட், பூட்டு, முன் விளக்கு, அவனுக்குப் பிடித்த நிறத்தில் தண்ணீர் பாட்டில். பேரம் படியும்.

கேள்வி: தினமும் 11 கிலோமீட்டர் சைக்கிளில் அலுவலகம் போகிறேன். எடை 78 கிலோ. மேம்பாலம் ஏறும்போது எழுந்து நின்று மிதித்தால் முன்பக்கம் தவளை போலக் குதிக்கிறது. முன் பிரேக் பிடித்தால் தலைகுப்புறச் சாய்கிறது. ஃபோர்க்கின் மேலே கூட்டல், கழித்தல் குறி போட்ட திருகு இருக்கிறது. அதைக் கூட்டல் பக்கம் திருகிக் கொடுத்து, “இனி ஹார்டு ஆகிவிடும்” என்றார் கடைக்காரர். ஒன்றும் ஆகவில்லை. கை மரத்துப்போவது மட்டும் கூடியிருக்கிறது. – சென்னை வாசகர்

பதில்: அந்தத் திருகு ஸ்பிரிங்கை முன்கூட்டியே கொஞ்சம் அழுத்தி வைக்கிறது. ஸ்பிரிங் அதனால் தடித்துவிடாது. அசையத் தொடங்குவதற்குத்தான் கூடுதல் விசை கேட்கும். அசைந்த பிறகு பழைய குதிரைதான். கை மரத்துப்போவதற்குக் காரணமும் இதுவே. சாலையின் சிறு அதிர்வுகளுக்கு ஃபோர்க் அசைந்து கொடுக்காததால் அவை நேராக உள்ளங்கைக்கு வருகின்றன. மலிவு ஃபோர்க்கில் குழாயும் புஷ்ஷும் ஒன்றோடொன்று உரசிப் பிடித்துக்கொள்ளும் குணம் ஏற்கெனவே உண்டு. திருகியது அதோடு சேர்ந்துகொண்டது.

திருகைக் கழித்தல் பக்கம் முழுதாகக் கொண்டுபோய்விட்டு, டயரைக் கவனியுங்கள். இரண்டு அங்குல டயருக்குள் இருக்கும் காற்றுதான் உங்கள் சைக்கிளில் உள்ள உருப்படியான சஸ்பென்ஷன். பஞ்சர் கடைகளில் கட்டை விரலால் அழுத்திப் பார்த்துக் கல் போல ஆகும்வரை அடித்துவிடுகிறார்கள். டயரின் பக்கவாட்டில் குறைந்த அளவு, கூடிய அளவு இரண்டும் பி.எஸ்.ஐ. என்ற காற்றழுத்தக் கணக்கில் அச்சிட்டிருக்கும். அந்த எல்லைக்குள், முன் டயரில் கீழளவை ஒட்டியும் பின் டயரில் அதைவிட நாலைந்து கூடுதலாகவும் வைத்து ஒரு வாரம் ஓட்டிப் பாருங்கள். அளவுமானி உள்ள கைப்பம்பு வாங்க ஆகும் செலவு ஃபோர்க் மாற்றும் செலவில் ஒரு துளி.

ஃபோர்க்கை அசையாமல் நிறுத்தும் லாக்-அவுட் திருகு இருந்தால் மேம்பாலத்தில் பூட்டிக்கொள்ளலாம். இறங்கும்போது திறந்துவிட மறக்காதீர்கள். மலிவு வகையில் உள்ளே பூட்டுவது பெரும்பாலும் ஒரு பிளாஸ்டிக் துண்டு. பூட்டியபடியே பள்ளத்தில் விட்டால் அது உடையும்.

கேள்வி: 14,000 ரூபாய்க்கு 29 அங்குலச் சக்கரம் உள்ள மலைச் சைக்கிள் வைத்திருக்கிறேன். விடுமுறைகளில் நண்பர்களோடு கொல்லிமலை, ஏற்காடு போகிறோம். மண் பாதைகளிலும் ஓட்ட ஆசை. இந்த ஃபோர்க்கைக் கழற்றிவிட்டு நல்ல ஏர் ஃபோர்க் போட்டுக்கொள்ளலாமா? – நாமக்கல் வாசகர்

பதில்: கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளும் தார்ச்சாலை. அங்கே ஏறும்போது ஃபோர்க் சுமை. இறங்கும்போது உங்கள் உயிர் பிரேக் கட்டையிலும் டயர் பிடிப்பிலும் இருக்கிறது. முதல் செலவை அங்கே செய்யுங்கள்.

மண் பாதைக்கு வருவோம். ஸ்பிரிங்குக்குப் பதில் காற்றால் இயங்கும் நல்ல ஏர் ஃபோர்க் போட, முதலில் சைக்கிளின் கழுத்து, அதாவது ஃபோர்க்கின் தண்டு நுழையும் குழாய், இடம் கொடுக்க வேண்டும். மலிவுச் சைக்கிள்களின் சட்டங்களில் (ஃப்ரேம்) கழுத்துக்குழாய் மேலும் கீழும் ஒரே அகலம். ஃபோர்க்கின் தண்டும் 28.6 மில்லிமீட்டர் நேர்த் தண்டுதான். இப்போது வரும் நல்ல ஏர் ஃபோர்க்குகளில் பெரும்பாலானவற்றுக்குக் கீழே அகன்று மேலே குறுகும் தண்டு. உங்கள் கழுத்துக்குள் நுழையாது. பலவற்றில் அச்சுக்கம்பியும் 15 மில்லிமீட்டர் தடிமன். அப்படியானால் முன் சக்கரத்தின் ஹப்பையும் மாற்ற வேண்டும். நேர்த் தண்டு உள்ளதைத் தேடிப்பிடித்தாலும், அதன் விலை உங்கள் சைக்கிளின் மொத்த விலையைத் தாண்டிவிடலாம். எருமை வாங்கும் முன் நெய் விலை பேசிய கதையாகிவிடும்.

நான் செய்யச் சொல்வது பலருக்குப் பிடிக்காது: ஸ்பிரிங் இல்லாத இரும்பு ஃபோர்க் போடுங்கள். மலைச் சைக்கிள் பிறந்தபோதே அப்படித்தான் பிறந்தது. 1976-இல் கலிஃபோர்னியாவின் மரின் பகுதியில் ‘ரீபேக்’ என்ற செங்குத்தான மண் பாதையில் பந்தயம் விட்டவர்கள் ஓட்டியது தடித்த டயர் போட்ட பழைய சைக்கிள்களை. ஒருமுறை இறங்கினால் பின் ஹப்பின் பிரேக்கில் இருந்த கிரீஸ் புகைந்து தீர்ந்துவிடும். மறுபடி அடைக்க வேண்டும், ஆங்கிலத்தில் அதுதான் ‘ரீபேக்’, அதனால்தான் அந்தப் பெயரே வந்தது. சஸ்பென்ஷன் ஃபோர்க் பரவலாக விற்பனைக்கு வந்ததே ராக்‌ஷாக்ஸ் நிறுவனம் 1989-இல் ஆர்.எஸ்.-1 ஃபோர்க்கைக் கொண்டுவந்த பிறகுதான். அதில் ஸ்பிரிங் வேலையைக் காற்று செய்தது, அடக்கும் வேலையை எண்ணெய் செய்தது. அந்த முதல் ஃபோர்க்கிலேயே இருந்த எண்ணெய், இத்தனை ஆண்டுகள் கழித்து உங்கள் ஃபோர்க்கில் இல்லை என்பதுதான் கொடுமை.

இரும்பு ஃபோர்க் வாங்கும்போது நீளத்தில் ஏமாறாதீர்கள். அச்சுக்கம்பியின் நடுவிலிருந்து ஃபோர்க்கின் தோள்பட்டை வரை, அதாவது கழுத்துக்குழாய் வந்து உட்காரும் இடம் வரை, இப்போது இருப்பதை அளந்துகொள்ளுங்கள். நீங்கள் ஏறி உட்காரும்போது ஸ்பிரிங் அமுங்கும் 2 சென்டிமீட்டரை அதில் கழியுங்கள். வரும் எண்ணுக்குப் பக்கத்தில் உள்ள ஃபோர்க்தான் பொருந்தும். முன்பக்கம் 2 சென்டிமீட்டர் இறங்கினால் கழுத்தின் சாய்வு ஏறத்தாழ ஒரு டிகிரி செங்குத்தாகும். 5 சென்டிமீட்டர் குட்டையானதைப் போட்டுவிட்டால் இறக்கத்தில் சைக்கிள் பதற்றமாகத் திரும்பும்; பெடலும் கல்லில் இடிக்கும். டிஸ்க் பிரேக் என்றால் அதை மாட்டும் காது புது ஃபோர்க்கில் இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பின்னாளில் உண்மையிலேயே கரடுமுரடான பாதைகளுக்குப் போகிற அளவுக்கு ஆசை வளர்ந்தால், அப்போது ஃபோர்க்கை மட்டும் தனியாக வாங்காமல் நல்ல ஃபோர்க் உள்ள சைக்கிளாகவே வாங்குங்கள். பழைய சைக்கிளானாலும் பரவாயில்லை. கடையிலேயே சோதித்துவிடலாம். ஹேண்டில்பாரை உடல் எடை முழுதும் கொடுத்து அழுத்திச் சட்டென்று விடுங்கள்: துள்ளி எழுந்தால் எண்ணெய் இல்லை, மெதுவாக எழுந்தால் இருக்கிறது. முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு சைக்கிளை முன்னும் பின்னும் ஆட்டுங்கள். மேல் குழாய் கீழ்க் குழாய்க்குள் நுழையும் இடத்தில் விரலை வைத்திருந்தால், புஷ் தேய்ந்திருக்கும்போது ‘டக் டக்’ என்று விரலில் தெரியும். ஃபிரிட்ஜில் ஒட்டும் சிறு காந்தத்தையும் பையில் போட்டுக்கொண்டு போகலாம். மேல் குழாயில் ஒட்டினால் அது இரும்பு. நல்ல ஃபோர்க்குகளிலும் சிலவற்றில் இரும்புக் குழாய் உண்டு என்பதால் இதை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். காப்புக்காடு என்றால் வனத்துறை அனுமதியில்லாமல் நுழைய வேண்டாம். மாட்டிக்கொண்டால் ஆகும் செலவு ஃபோர்க் செலவைவிட அதிகமாகும்.

கேள்வி: வாங்கி ஐந்து மாதம்தான் ஆகிறது. ஃபோர்க்கின் பளபளப்புக் குழாயில் துரு பிடித்து, இப்போது அமுங்கினால் எழுவதில்லை. “சஸ்பென்ஷனுக்கு வாரண்டி கிடையாது” என்கிறார் கடைக்காரர். பில்லும் தரவில்லை. – தூத்துக்குடி வாசகர்

பதில்: உப்புக்காற்று ஊர். குரோம் பூச்சில் ஊசிமுனை அளவு ஓட்டை இருந்தாலும் போதும். எனக்கும் இது நடந்திருக்கிறது. ஒரு மழைக்காலம் முழுதும் வெளியே நின்ற சைக்கிளின் ஃபோர்க்கை, பெயர் வேண்டாம், மேல் மூடியைத் திருகித் திறந்து கவிழ்த்தேன். செங்கல் கரைத்தது போலத் தண்ணீர் அரை டம்ளர் வந்தது. பிறகு ஒரு ஸ்பிரிங் வந்தது, அதன் பின்னால் விரல் நீள ரப்பர் கட்டை. இன்னும் ஏதாவது வரும் என்று சற்று நேரம் தட்டிப் பார்த்தேன். ஒன்றும் வரவில்லை. நான் பணம் கொடுத்தது இதற்குத்தானா என்று அன்று தோன்றியது.

வாரண்டி அட்டையை எடுத்து வரி வரியாகப் படியுங்கள். ஃப்ரேமுக்கு நீண்ட காலமும் மற்ற பாகங்களுக்குச் சில மாதங்களும் என்று பிரித்திருப்பார்கள். தேய்மானம், துரு ஆகியவற்றை விலக்கியும் இருப்பார்கள். ஃபோர்க் எந்தப் பட்டியலில் வருகிறது என்பதே கேள்வி. அட்டையில் இல்லாத விலக்கைக் கடைக்காரர் வாயால் சேர்க்க முடியாது.

பில் தராததைச் சும்மா விடாதீர்கள். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி விற்ற பொருளுக்குப் பில் தர மறுப்பதே நியாயமற்ற வணிக நடைமுறை. யு.பி.ஐ. மூலம் பணம் கட்டியிருந்தால் அந்தப் பதிவு, கடைக்காரரோடு நடந்த வாட்ஸ்அப் உரையாடல், சைக்கிள் ஃப்ரேமின் அடியில் பொறித்திருக்கும் எண் ஆகியவற்றைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கடைக்கும் நிறுவனத்துக்கும் எழுத்தில் புகார் அனுப்பிவிட்டு, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழையுங்கள். அங்கும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குப் புகார்க் கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டுகளுக்குள் போக வேண்டும்.

கேள்வி: இணையத்தில் வாங்கிய சைக்கிள் பெட்டியில் வந்தது. பக்கத்துக் கடையில் பூட்டிக் கொடுத்தார்கள். திரும்பும்போது ஷூவின் நுனி முன் சக்கரத்தில் இடிக்கிறது. அளவு சிறியதா? – மதுரை வாசகி

பதில்: ஃபோர்க்கைப் பின்முன்னாகப் பூட்டியிருப்பார்கள் என்று நினைக்கிறேன். பெட்டியில் அடங்குவதற்காக முன்பக்கத்தைத் திருப்பி வைத்து அனுப்புவார்கள். கவனிக்காமல் அப்படியே ஹேண்டில்பாரை மாட்டிவிடுவது நிறைய நடக்கிறது. இரண்டு குழாய்களையும் இணைக்கும் வளைவு சைக்கிளுக்கு முன்பக்கம் இருக்க வேண்டும். மானிட்டூ போன்ற சில நிறுவனங்களின் ஃபோர்க்குகளில்தான் பின்பக்கம் இருக்கும். டிஸ்க் பிரேக் ஃபோர்க்கின் இடது குழாய்க்குப் பின்னால் இருக்க வேண்டும். வலது பக்கம் முன்னால் துருத்திக்கொண்டிருந்தால் சந்தேகமே வேண்டாம். ஹேண்டில்பார் தண்டின் பக்கவாட்டில் உள்ள இரண்டு போல்ட்டுகளைத் தளர்த்தி, பிரேக் கேபிள் முறுக்கிக்கொள்ளாமல் ஃபோர்க்கை அரைவட்டம் திருப்பி, மறுபடி இறுக்கினால் முடிந்தது. பத்து நிமிட வேலை. அதுவரை ஓட்ட வேண்டாம்.