ரோமில் இறங்கிய அன்றே கப்பல் ஏறலாமா?

வணக்கம் சகோதரி. சுங்கை சிப்புட்டிலிருந்து அம்மா அப்பாவோடு கிளம்பி, மதியம் 1 மணிக்கு ரோமில் இறங்கி, அன்று மாலை 5 மணி உல்லாசக் கப்பலைப் பிடிக்க முடியுமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம், ஒரு நாள் முன்னதாகவே போய்விடுங்கள். துறைமுகம் ரோமில் இல்லை. சுமார் 70 கிலோமீட்டர் தள்ளி சிவிடாவெக்கியாவில் இருக்கிறது. விமானம் தாமதமானால் கப்பல் காத்திருக்காது.

ஃபியூமிசினோ விமான நிலையத்தில் ரயில் ஏறி, திராஸ்தேவெரே நிலையத்தில் சிவிடாவெக்கியா ரயிலுக்கு மாறுங்கள். காகித டிக்கெட் என்றால், ஏறும் முன் மேடையோர இயந்திரத்தில் செருகி முத்திரை குத்திக்கொள்ளுங்கள், இல்லையென்றால் அபராதம்தான். சுற்றுலாவுக்கு நம் மலேசியக் கடப்பிதழுக்கு விசா தேவையில்லை.

அப்புறம், பெரிய பெட்டிகளைத் துறைமுகத்திலேயே வாங்கிக்கொள்வார்கள். அவை கப்பலில் உங்கள் அறைக்கு வந்து சேர மாலையாகிவிடும். அம்மாவின் பிரஷர் மாத்திரை, கடப்பிதழ், ஒரு மாற்றுத்துணி மூன்றும் கைப்பையிலேயே இருக்கட்டும்.