வண்டியை மாமியாரின் முழங்காலிலிருந்து தேர்ந்தெடுங்கள்

கேள்வி: எங்கள் காரின் சிஓஇ (வாகன உரிமைச் சான்றிதழ்) விரைவில் முடிகிறது. டிசம்பர் பள்ளி விடுமுறையில் மூன்று வாரம், சிங்கப்பூரிலிருந்து தாய்லாந்தின் சியாங் மாய் வரை காரிலேயே போய்வர வேண்டும் என்பது கணவரின் நெடுநாள் ஆசை. அதற்காக நான்கு சக்கர இயக்கமுள்ள பெரிய வண்டி ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறார். 12 வயதைத் தாண்டிய வண்டி. கூரைமேல் கூடாரம் வேறு பொருத்தப் போகிறாராம். ‘ஒருநாள் இதிலேயே தமிழ்நாட்டுக்கும் போகலாம்’ என்கிறார். எங்களுக்கு 9 வயதில் மகள், 5 வயதில் மகன். மாமியாருக்கு 68 வயது, முழங்கால் வலி உண்டு. வேண்டாம் என்று சொல்லி அவர் ஆசையைக் கெடுக்க மனமில்லை. சரி என்று சொல்லவும் பயமாக இருக்கிறது. எங்கள் குடும்பத்துக்கு எந்த மாதிரி வண்டி பொருந்தும்?
- உட்லண்ட்ஸ் வாசகி

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

உங்கள் கணவரின் ஆசை எனக்கு நன்றாகவே புரிகிறது. அரை மணி நேரம் ஓட்டினால் கடல் வந்துவிடும் ஊர் நம்முடையது. கடற்பாலத்தைத் தாண்டியதும் சாலை முடியாமல் நீண்டுகொண்டே போவதைப் பார்த்தால் யாருக்கும் மனம் விரியும். 1955-இல் ஆக்ஸ்ஃபர்டு, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக இளைஞர்கள் ஆறு பேர் இரண்டு லேண்ட் ரோவர்களில் லண்டனிலிருந்து கிளம்பி, 1956 மார்ச்சில் சிங்கப்பூர் வந்து சேர்ந்தார்கள். அந்த இரண்டில் ஒரு வண்டி 2019-இல் இங்கிருந்து லண்டனுக்கு மறுபடியும் ஓடியது. தரைவழி நெடும்பயணம் என்றதும் உயரமான, பெட்டி போன்ற வண்டி நம் கண்முன் வருவது இப்படிப்பட்ட பயணங்களால்தான்.

அந்த இளைஞர்கள் பாலைவனத்தையும் பர்மாவின் காட்டுச் சாலையையும் கடக்க வேண்டியிருந்தது. உங்கள் வழி அப்படியல்ல. ஜோகூர் பாருவிலிருந்து புக்கிட் காயு ஹீத்தாம் எல்லை வரை ஏறக்குறைய 800 கிலோமீட்டர், முழுக்க நெடுஞ்சாலை. எல்லையை அடுத்த தாய்லாந்து நகரமான ஹாட்யாயிலிருந்து பேங்காக் 950 கிலோமீட்டர் போல வரும், பேங்காக்கிலிருந்து சியாங் மாய் 700. மூன்று நாட்டிலும் இடப்பக்கம்தான் ஓட்டுகிறோம், மூன்றிலும் தார்ச்சாலை. போகவர 5,000 கிலோமீட்டரில் நான்கு சக்கர இயக்கம் உங்களுக்குத் தேவைப்படும் இடம் ஒன்றுகூட இல்லை.

அதனால் ‘எந்த வண்டி மலை ஏறும்’ என்ற கேள்வியை விட்டுவிடுங்கள். இந்த 5,000 கிலோமீட்டரில் முதலில் துன்பப்படப் போவது யார்? உங்கள் மாமியாரும் ஐந்து வயது மகனும்தான். வண்டியை அவர்களிடமிருந்து தேர்ந்தெடுக்கத் தொடங்குங்கள்.

முழங்கால் வலி உள்ளவருக்கு உயரமான வண்டி நல்லது என்று பலர் நினைக்கிறார்கள். தாழ்வான காரைவிட நல்லதுதான், ஓரளவுக்கு. ஆனால் படி வைத்து ஏற வேண்டிய உயரம் வந்துவிட்டால் உடம்பின் பாரம் முழுவதும் ஒற்றை முழங்காலில் விழுகிறது. இறங்கும்போது வலி இன்னும் அதிகம். நின்ற நிலையிலிருந்து பின்பக்கத்தை இருக்கையில் வைத்து, பிறகு இரண்டு காலையும் உள்ளே திருப்பிக்கொள்ள முடிகிற உயரமே அவருக்குச் சரியானது. தரைப்பகுதி தாழ்வாகவும் இருக்கை நடுத்தர உயரத்திலும் அமைந்த எம்பிவி எனப்படும் பல இருக்கைக் குடும்ப வண்டிகளில் இது இயல்பாகவே கிடைக்கிறது. ஸ்லைடிங் கதவு இருந்தால், நெருக்கமான கார் நிறுத்துமிடத்திலும் கதவை முழுதாகத் திறந்து, கைப்பிடியைப் பற்றியபடி நிதானமாக ஏறலாம்.

பயணத்தில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறையாவது வண்டியை நிறுத்த வேண்டும். வயதானவரின் கால் வீங்காமல் இருக்க இது அவசியம், பிள்ளைகளுக்கும் அவசியம். அப்படியானால் மாமியார் ஒரு நாளில் ஐந்தாறு முறையாவது ஏறி இறங்குவார். இதைக் கணவரிடம் சொல்லுங்கள். அவர் பார்த்து வைத்திருக்கும் வண்டியில் அம்மாவை ஒரே பிற்பகலில் ஐந்தாறு முறை ஏறி இறங்கச் சொன்னால் விடை அங்கேயே தெரிந்துவிடும்.

மகனுக்கு வருகிறேன். நம் நாட்டில் 1.35 மீட்டருக்குக் குறைவான உயரமுள்ளவர்களுக்குப் பிள்ளைகளுக்கான இருக்கை கட்டாயம். உங்கள் மகளுக்கும் உயரம் பார்த்து பூஸ்டர் எனப்படும் உயர்த்தும் இருக்கை தேவைப்படலாம். இரண்டு பிள்ளை இருக்கைகளையும் பின்வரிசையில் பொருத்திவிட்டு நடுவில் மாமியார் உட்கார வேண்டும் என்றால், ஐந்து பேர் அமரும் எந்த வண்டியிலும் அது அவருக்குத் தண்டனை. அதனால் உங்களுக்கு வேண்டியது ஏழு இருக்கை வண்டி. ஏழு பேரை ஏற்ற அல்ல, ஐந்து பேர் தாராளமாக உட்கார. மூன்றாம் வரிசையில் ஒரு பக்கத்தை மடித்துப் பெட்டிகளை அடுக்குங்கள். மறுபக்கத்தில் மகள் உட்காரலாம். வாந்தி வரும் பிள்ளையை மட்டும் அங்கே அனுப்பாதீர்கள், பின் சக்கரத்துக்கு மேலே குலுக்கல் கூடுதல். மூன்றாம் வரிசைக்கும் தனிக் குளிர்காற்றுத் துளை இருக்கிறதா என்பதையும் பார்த்து வாங்குங்கள்.

அடுத்தது எடை. வண்டி வாங்கும்போது யாரும் இதைக் கணக்குப் போடுவதில்லை. எனக்கு மிகுந்த கவலை தருவது இதுதான். உங்கள் குடும்பத்துக்குத் தோராயமாகப் போட்டுப் பார்த்தேன். ஐந்து பேரும் சேர்ந்து 250 கிலோ. துணிப்பெட்டிகள் 60. தண்ணீர், ஐஸ்பெட்டி, சாப்பாட்டுப் பொருள் 30. பிள்ளை இருக்கைகள், கருவிகள் எல்லாம் 25. ஆக 365 கிலோ. இதன்மேல் கூரைக் கூடாரம் 60 கிலோ, அதைத் தாங்கும் சட்டம் 20 கிலோ என்றால் 445 ஆகிவிடுகிறது. குடும்ப வண்டிகள் பலவற்றின் சுமைத் திறனே 500 கிலோவை ஒட்டித்தான் இருக்கும். ஓட்டுநர் கையேட்டிலோ கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் தகட்டிலோ வண்டியின் அதிகபட்ச மொத்த எடை இருக்கும். அதிலிருந்து வெற்று எடையைக் கழித்துப் பாருங்கள். எல்லையைத் தொட்டுக்கொண்டு ஓடும் வண்டிக்குப் பிரேக் பிடிக்கக் கூடுதல் தூரம் வேண்டும், டயரும் சூடேறும். கேமரன் மலையிலிருந்து அப்படி இறங்கினால் பிரேக் பிடி தளர்ந்துவிடும் அபாயம் உண்மையானது.

கூரைமேல் ஏற்றும் எடைக்குத் தனி வரம்பு இருக்கிறது. ஓடும்போது கூரை தாங்கக்கூடியது பல வண்டிகளில் 75 முதல் 100 கிலோதான். வண்டி நிற்கும்போது அதைவிட அதிகம் தாங்கும், அதனால்தான் கூடாரத்தில் ஆட்கள் படுக்க முடிகிறது. ஆனால் முழங்கால் வலியோடு உங்கள் மாமியார் அந்த ஏணியில் ஏற மாட்டார். நள்ளிரவில் ஐந்து வயதுப் பிள்ளைக்குச் சிறுநீர் வந்தாலும் அதே ஏணிதான். இன்னொன்று: 1.9 மீட்டர் உயர வண்டியின்மேல் சட்டமும் கூடாரமும் சேர்ந்து 35 சென்டிமீட்டர் ஏறினால் 2.25 மீட்டர். உங்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) பலமாடிக் கார் நிறுத்துமிட நுழைவாயிலில் எழுதியிருக்கும் உயரத்தை இன்று மாலையே போய்ப் பாருங்கள். நான் கேட்டால், கூடாரத்தை விட்டுவிடுங்கள். தாய்லாந்தில் வழிநெடுக எளிய தங்குவிடுதிகள் இருக்கின்றன. ஐந்து பேரும் கட்டிலில் படுத்துத் தூங்கினால்தான் மறுநாள் ஓட்டுபவரின் கண் திறந்திருக்கும்.

டயரைப் பற்றி என் சொந்த அனுபவம் ஒன்று உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் தாயாரையும் பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு மலேசியாவின் குவா முசாங் பக்கம் போனேன். இருட்டிய பிறகு பள்ளத்தில் ஏறி டயரின் பக்கச்சுவர் கிழிந்தது. பின்பெட்டியைத் திறந்தால் மாற்று டயர் இல்லை, ஒட்டுப்பசைப் புட்டியும் காற்றடிக்கும் சிறு பம்பும்தான். வாங்கும்போது விற்றவர் சொல்லவில்லை, நானும் பார்க்கவில்லை. பசை, ஆணி குத்திய துளையை அடைக்கும். கிழிந்த பக்கச்சுவரை அடைக்காது. நான்கு மணி நேரம் அம்மா காருக்குள் ஒரு வார்த்தை பேசாமல் உட்கார்ந்திருந்தார். அவர் கோபப்பட்டிருந்தால்கூட மனம் ஆறியிருக்கும். புது வண்டிகள் பலவற்றில் இப்போது மாற்று டயர் தருவதில்லை, குறிப்பாக ஹைப்ரிட் வண்டிகளில். எந்த வண்டியானாலும் முதலில் பின்பெட்டித் தரையைத் தூக்கிப் பாருங்கள். இல்லையென்றால் பொருத்தமான மாற்றுச் சக்கரம் ஒன்றை வாங்கி உள்ளே கட்டி வையுங்கள், அதற்கு வேண்டிய இடத்தையும் எடையையும் கணக்கில் சேர்த்துக்கொண்டு.

இனி அந்த 12 வயது வண்டி. அதன் சிஓஇ ஐந்தாண்டுக்குப் புதுப்பிக்கப்பட்டதா, பத்தாண்டுக்கா என்று கேளுங்கள். ஐந்தாண்டு என்றால் அதை மறுபடி புதுப்பிக்க முடியாது, இன்னும் மூன்றாண்டுக்குள் அதன் கதை முடிந்துவிடும். பத்து வயதைத் தாண்டிய வண்டிக்குச் சாலை வரி 10 விழுக்காடு கூடுகிறது, ஆண்டுதோறும் ஏறி 50 விழுக்காடு வரை போகிறது. பரிசோதனையும் ஆண்டுக்கு ஒருமுறை. எரிபொருளையும் பாருங்கள்: 100 கிலோமீட்டருக்கு 14 லிட்டர் குடிக்கும் வண்டிக்கு இந்தப் பயணத்தில் 700 லிட்டர் வேண்டும், 7 லிட்டர் குடிப்பதற்கு 350 போதும். மலேசியாவில் நம் வண்டிகளுக்கு ரான்95 பெட்ரோல் போடக்கூடாது என்பதால் ரான்97 விலையில்தான் கணக்குப் போட வேண்டும். மூன்று வாரப் பயணத்துக்காக மீதி 49 வாரமும் பள்ளிக்கும் ஈரச்சந்தைக்கும் அந்தப் பெரிய வண்டியை ஓட்டப் போவது நீங்கள்தான் என்று நினைக்கிறேன்.

பெயர் சொல்லுங்கள் என்று கேட்பீர்கள். பட்ஜெட் இறுக்கமாக இருந்தால் டொயோட்டா சியன்டா ஹைப்ரிட் பாருங்கள். 1.5 லிட்டர் எஞ்சின், அதன் திறனும் குறைவு என்பதால் சிறிய கார்களுக்கான ஏ பிரிவு சிஓஇ, ஸ்லைடிங் கதவு, தாழ்வான தரை. மூன்றாம் வரிசை, இரண்டாம் வரிசைக்கு அடியிலேயே மடிந்து போய்விடும். ஐந்து பேரோடு மலை ஏறும்போது பொறுமை வேண்டும், அவ்வளவுதான். கையில் இன்னும் கொஞ்சம் பணம் இருந்தால் டொயோட்டா நோவா, ஹோண்டா ஸ்டெப்வேகன், நிசான் செரீனா ஆகிய மூன்றும் உங்கள் குடும்பத்துக்கே செய்தவை போல இருக்கும். நான் உங்கள் இடத்தில் இருந்தால் நோவா ஹைப்ரிடை எடுப்பேன், ஏனென்றால் டொயோட்டா பழுதுபார்க்கும் இடம் இல்லாத ஊர் அந்த வழியில் அரிது. கணவர் தரையிலிருந்து உயரமான வண்டிதான் வேண்டும் என்று உறுதியாக நின்றால், ஏழு இருக்கை கொண்ட மிட்சுபிஷி அவுட்லேண்டர் நல்ல நடுவழி. ஆனால் அதன் மூன்றாம் வரிசை சிறு பிள்ளைகளுக்கு மட்டுமே.

ஆவணங்களில் ஒன்றை மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டும், காப்புறுதி. நம் வாகனக் காப்புறுதிகள் பெரும்பாலும் சிங்கப்பூர், மேற்கு மலேசியா, எல்லையிலிருந்து 80 கிலோமீட்டர் வரையிலான தாய்லாந்துப் பகுதி என்றுதான் எழுதியிருக்கும். ஹாட்யாய் அதற்குள் வரும். அதைத் தாண்டி சியாங் மாய் வரை உங்கள் வண்டிக்குப் பாதுகாப்பே இல்லை. எல்லைக் கடைகளில் வாங்கும் தாய்லாந்துக் கட்டாயக் காப்புறுதி காயம்பட்டவர்களுக்கான அடிப்படைத் தொகைதான், உங்கள் வண்டிச் சேதத்தை அது ஈடுகட்டாது. கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பே காப்புறுதி நிறுவனத்திடம் எழுத்துமூலம் நீட்டிப்புக் கேளுங்கள். வண்டி கடனில் இருந்தால் நிதி நிறுவனத்தின் அனுமதிக் கடிதமும் தேவைப்படும். மலேசியாவின் விஇபி (வாகன நுழைவு அனுமதி) வில்லையும், சிங்கப்பூரை விட்டுக் கிளம்பும்போது இருக்க வேண்டிய முக்கால் தொட்டி பெட்ரோலும் உங்களுக்குத் தெரிந்தவையே.

டிசம்பர் பற்றியும் சொல்லியாக வேண்டும். வடக்கே சியாங் மாயில் அது அருமையான குளிர்காலம். ஆனால் அதே மாதங்களில் வடகிழக்குப் பருவமழை தெற்குத் தாய்லாந்தின் வளைகுடாக் கரையைப் புரட்டிப்போடும். 2010 நவம்பரில் ஹாட்யாய் நகரமே மூழ்கியது. வழியில் வெள்ளம் வந்தால் நின்றுவிடுங்கள். பெரிய வண்டி என்ற தைரியத்தில் ஓடும் நீரில் இறங்காதீர்கள், முழங்கால் அளவு ஓட்டமே வண்டியைத் தூக்கிவிடும். திட்டத்தில் இரண்டு நாள் வெறுமனே வைத்திருங்கள்.

தமிழ்நாட்டுக் கனவு? அதற்கு மியன்மார் வழியாக மணிப்பூரின் மோரே எல்லைக்குப் போக வேண்டும். 2021-இல் மியன்மாரில் ராணுவம் ஆட்சியைப் பிடித்த பிறகு, குடும்பத்தோடு கடக்கும் வழியாக அது இல்லை. வழி திறக்கும் நாளில் உங்கள் பிள்ளைகள் வளர்ந்திருப்பார்கள், அன்றைய தேவைக்கு வேறு வண்டி வாங்கிக்கொள்ளலாம். இன்றைய சிஓஇ விலையில் அந்தக் கனவுக்காக இப்போதே பணம் கட்ட வேண்டாம்.

கணவரிடம் ‘வேண்டாம்’ என்று சொல்லாதீர்கள். ‘முதலில் வாடகைக்கு எடுத்துப் பார்ப்போம்’ என்று சொல்லுங்கள். மலேசியாவுக்கு ஓட்ட அனுமதி தரும் நிறுவனத்தில் ஏழு இருக்கை வண்டி ஒன்றை நான்கு நாள் எடுத்து, ஈப்போ வழியாகக் கேமரன் மலைக்குப் போய் வாருங்கள். பெட்டிகளை முழுதாக ஏற்றிக்கொண்டே போங்கள். யார் எங்கே உட்கார்ந்தார்கள், யாருக்கு எங்கே வலித்தது, எத்தனை முறை நிறுத்தினீர்கள் என்று மகளை ஒரு நோட்டில் எழுதச் சொல்லுங்கள். அந்த நோட்டோடும் மாமியாரோடும் வண்டிக் கடைக்குப் போங்கள். விற்பவர் திரையையும் கேமராவையும் காட்டத் தொடங்குவதற்கு முன், மாமியாரை இரண்டாம் வரிசையில் இருபது நிமிடம் உட்கார வைத்து, பிறகு தானாக இறங்கச் சொல்லுங்கள்.