புள்ளிகள் கடலில் விழுவது தரவின் பிழையாக இருக்காது

மாநகராட்சி கொடுத்த பேருந்து நிறுத்தத் தரவை வரைபடத்தில் போட்டால் எல்லாப் புள்ளியும் கடலில் போய் விழுகிறது, ஹேக்கத்தானுக்கு (குறுகிய நேரத்தில் மென்பொருள் செய்து காட்டும் நிகழ்வுக்கு) இரண்டே நாள்தான் இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். பதற வேண்டாம். அநேகமாக அட்சரேகையும் தீர்க்கரேகையும் இடம் மாறியிருக்கும். இடத் தரவை எழுதும் வடிவமான ஜியோஜேசான் கோப்பில் தீர்க்கரேகை முதலில் வரும், ஆனால் இணையப் பக்கத்தில் வரைபடம் காட்ட உதவும் நிரல் தொகுப்பான லீஃப்லெட்டில் நீங்களே ஒரு மார்க்கர் (இடக்குறி) வைக்கும்போது அட்சரேகையைத்தான் முதலில் தர வேண்டும். நிரலில் மார்க்கர் வைக்கும் அந்த ஒரு வரியில் இரண்டையும் இடம் மாற்றிப் பாருங்கள், நிறுத்தங்கள் தெருவுக்குத் திரும்பிவிடும்.

அப்புறம், நேர அட்டவணை ஜிடிஎஃப்எஸ் என்ற பொதுப் போக்குவரத்துத் தரவு வடிவில் இருந்தால் 25:10:00 மாதிரி நேரங்கள் கண்ணில் படும். தப்பு என்று நினைத்து அழித்துவிடாதீர்கள். நள்ளிரவு தாண்டி ஓடும் வண்டியை முந்தைய நாள் கணக்கிலேயே எழுதும் முறை அது, அதாவது விடியற்காலை 1:10.

"பேருந்து இப்போது எங்கே வருகிறது" என்று காட்டப் போவதாகச் சொல்கிறீர்கள், அதற்கு அட்டவணை மட்டும் போதாது, வண்டிகளின் நேரலைத் தரவு தனியாக வேண்டும். அது கிடைக்குமா என்று இன்றே ஏற்பாட்டாளர்களிடம் கேட்டுவிடுங்கள். இல்லை என்றால் தயங்காமல் யோசனையைச் சுருக்குங்கள். இந்த நிறுத்தத்தில் கடைசி வண்டி எத்தனை மணிக்கு என்று சரியாகச் சொல்லும் ஒரு பக்கம், இரவு வேலை முடித்து வருகிறவருக்கு எவ்வளவு பெரிய உதவி!

டெமோவை இணையம் இல்லாமலும் ஓடும்படி வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் குழு மேடை ஏறியபோது வைஃபை விழுந்து, வரைபடம் வெறும் சாம்பல் கட்டங்களாகவே நின்றது. வரைபடப் படத்தை முன்கூட்டியே சேமித்திருந்தால் தப்பித்திருப்போம்.