காத்தாடியா, பேனல் கம்பெனியா?

அன்புள்ள அக்கா,

ஆலங்குளம் பக்கம் ஒரு கிராமம் எங்களுக்கு. பாலிடெக்னிக்கில் இ.இ.இ. டிப்ளமா முடித்துவிட்டேன், அரியர் இல்லை. இரண்டு இடத்தில் வேலை கிடைத்திருக்கிறது. ஒன்று, கங்கைகொண்டான் சிப்காட்டில் சோலார் பேனல் செய்கிற கம்பெனியில் லைன் ஆபரேட்டர் வேலை. பஸ், கேன்டீன், பி.எஃப்., இ.எஸ்.ஐ. எல்லாம் உண்டு. இன்னொன்று, ஊத்துமலை பக்கம் காற்றாலைகளைப் பராமரிக்கிற கான்ட்ராக்டரிடம் டிரெய்னி வேலை. சம்பளம் கொஞ்சம் குறைவு. அந்த சைட்டில் நான்தான் முதல் பெண்ணாம். அம்மா பீடி சுற்றுகிறாள். "நான்தான் குனிஞ்சே கெடந்துட்டேன், நீயாவது நெழல்ல நின்னு வேலை பாரு" என்கிறாள். சித்தப்பாவோ, "பொம்பளப் பிள்ளை காத்தாடில ஏறி என்ன செய்யப் போவுது" என்று ஒரே பேச்சு. எனக்குக் காத்தாடிதான் பிடித்திருக்கிறது. பிடித்திருக்கிறது என்பதை மட்டும் நம்பிப் போகலாமா அக்கா?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள தங்கைக்கு,

அம்மா சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆலங்குளம், கடையம், முக்கூடல், பாவூர்சத்திரம் வட்டாரத்தில் பெண்கள் கையில் காசு புழங்கியது என்றால் அது பெரும்பாலும் பீடித்தட்டிலிருந்து வந்த காசு. மடியில் தட்டை வைத்து, இலையை வெட்டி, தூளை வைத்துச் சுருட்டி, ஆயிரத்துக்கு இவ்வளவு என்று கூலி. உன் காலேஜ் ஃபீஸிலும் அந்தக் காசு இருந்திருக்கும். ஆனால் அந்தத் தொழிலில் அடுத்த படி என்று ஒன்று கிடையாது. இருபது வருஷம் சுற்றினவளுக்கும் நேற்று சுற்றப் பழகினவளுக்கும் ஆயிரத்துக்கு ஒரே கூலிதான். அதனால் உனக்கு வந்திருக்கிற இரண்டு வேலையையும் நான் ஒரே ஒரு கேள்வியை வைத்துத்தான் பார்க்கிறேன். மூன்று வருஷம் கழித்து உனக்கு என்ன தெரிந்திருக்கும்?

கங்கைகொண்டானைக் குறைத்துப் பேச மாட்டேன். 2025 பிப்ரவரியில் முதலமைச்சர் திறந்துவைத்த டாடாவின் ஆலை வருஷத்துக்கு 4.3 கிகாவாட் அளவுக்கு சோலார் செல்லும் பேனலும் செய்யக்கூடியது. அங்கே வேலை பார்ப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். நம் பிள்ளைகள் சுடிதாரும் ஐ.டி. கார்டுமாக ஷிஃப்ட் பஸ் ஏறுவதைப் பார்க்கும்போது எனக்கு மனசு நிறைகிறது.

ஆனால் எந்த பேனல் கம்பெனியாக இருந்தாலும் லைனுக்குள்ளே எந்த இடத்தில் நிற்கிறோம் என்பது முக்கியம். ஓர் உதாரணம் சொல்கிறேன். செல்களை வரிசையாகப் பற்றவைத்து, கண்ணாடியோடு சேர்த்து லேமினேட் செய்வதற்கு முன்னும் பின்னும் 'இ.எல். டெஸ்ட்' என்று ஒன்று வைப்பார்கள். இருட்டுப் பெட்டிக்குள் பேனலில் கரண்ட் பாய்ச்சினால் அது மெல்ல ஒளிவிடும். அந்த ஒளி நம் கண்ணுக்குத் தெரியாது, கேமராவுக்குத் தெரியும். செல்லில் மயிரிழை அளவு விரிசல் இருந்தாலும் திரையில் கறுப்புக் கோடாக விழும். திரைக்கு முன்னால் நிற்கிற பெண் ஓகே, ரிஜெக்ட் என்று பட்டனை அமுக்கிக்கொண்டே இருக்கலாம். அல்லது, ஒரு மணி நேரமாக ஒரே மூலையில்தான் விரிசல் விழுகிறது என்று கவனித்து, பற்றவைக்கிற மெஷினில் எந்தப் பக்கம் அழுத்தம் கூடுகிறது என்று போய்ப் பார்க்கலாம். பட்டன் அமுக்கவே டிப்ளமா தேவையில்லை. மெஷினைப் பார்க்கப் போகிறவள் நாளைக்குப் பிராசஸ் இன்ஜினியர். ஆனால் லைன் ஓடிக்கொண்டிருக்கும்போது அவளை அங்கே போக விடுவார்களா? நீ கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியது அதைத்தான். மெயின்டனன்ஸுக்கு ஆண்கள், லைனுக்குப் பெண்கள் என்று பிரித்து வைத்திருக்கிற இடம் என்றால் ஐந்து வருஷம் போனாலும் நீ நின்ற இடத்தில்தான் நிற்பாய்.

இனி காத்தாடி. உன் ஊருக்கு அது புதிதல்ல. செங்கோட்டைக் கணவாய் வழியாக வருகிற காற்றில்தான் உங்கள் பக்கத்துக் காத்தாடிகள் சுற்றுகின்றன. ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்றில் முப்பந்தலும் பணகுடியும் ராதாபுரமும். 1986இல் தூத்துக்குடி முள்ளக்காட்டில் சோதனைக்காக நட்டதில் தொடங்கி, இன்று தமிழ்நாட்டில் 11,000 மெகாவாட்டுக்கு மேல் காற்றாலை இருக்கிறது. 1990களில் நிறுத்திய 225, 250 கிலோவாட் மெஷின்களுக்கெல்லாம் வயதாகிவிட்டது. அவற்றைப் புதுப்பிக்கவும் மாற்றவும் அரசு 2024இல் தனிக் கொள்கையே கொண்டுவந்தது. பழைய மெஷினைக் கழற்றவும் தெரிய வேண்டும், நூறு மீட்டருக்கு மேல் உயரமான புது மெஷினைப் பார்த்துக்கொள்ளவும் தெரிய வேண்டும். அந்த ஆட்களில் நீ ஏன் இருக்கக் கூடாது?

ஐரினா என்கிற சர்வதேசப் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் முகமையின் கணக்குப்படி, உலக அளவில் சோலார் துறையில் 40 சதவீதம் பெண்கள். காற்றாலைத் துறையில் 21 சதவீதம்தான். அதிலும் மேல்மட்ட நிர்வாகத்தில் 8 சதவீதம். உடம்பில் தெம்பில்லாததால் வந்த கணக்கு அல்ல இது. டவர் ஏணியில் நடுநடுவே நின்று இளைப்பாறத் தளம் உண்டு. இடுப்பிலும் தோளிலும் ஹார்னஸ் என்கிற பாதுகாப்புப் பட்டை, அதோடு மாட்டிய ஃபால் அரெஸ்டர் கூடவே மேலே வரும், கால் வழுக்கினால் அந்த இடத்திலேயே பிடித்துக்கொள்ளும். மெஷினை நிறுத்தி, பூட்டுப் போட்டு, மற்றவர் யாரும் ஓட்ட முடியாதபடி செய்த பிறகே உள்ளே கை வைப்பார்கள். இதில் வேண்டியது முறை தவறாத கவனம். நம் பெண்களிடம் இல்லாததா அது?

பெண்களை அங்கே வரவிடாமல் செய்கிற விஷயங்கள் வேறு, அவை மிகச் சாதாரணமானவை. முதலாவது கக்கூஸ். பொட்டல் வெளியில் நாலு மெஷின், ஒரு கன்டெய்னர் ஆபீஸ். ஆண்கள் உடங்காட்டுப் பக்கம் ஒதுங்கிக்கொண்டதால் வேறு வசதி வேண்டும் என்று யாருக்கும் தோன்றவே இல்லை. அங்கே போகிற பெண் தண்ணீர் குடிக்காமல் இருந்து இருந்து கடைசியில் நீர்க்கடுப்போடு ஆஸ்பத்திரிக்குப் போகிறாள். பிறகு, "அவளால முடியல" என்று பேர் வேறு. எனக்கு இதைச் சொல்லும்போதே கோபம் வருகிறது. ஒரு தகரக் கதவும் ஒரு தண்ணீர்த் தொட்டியும் இருந்திருந்தால் தீர்ந்திருக்கக்கூடிய விஷயம் அது.

அதனால் சேர்வதற்கு முன் கான்ட்ராக்டரிடம் கூச்சப்படாமல் கேள். சைட்டில் பெண்களுக்குக் கக்கூஸ் உண்டா? காலையில் கூட்டிப் போய் ராத்திரி வீட்டில் விடுகிற வண்டி யாருடையது? உயரத்தில் வேலை செய்கிற பயிற்சிக்கு, ஜி.டபிள்யூ.ஓ. என்கிற உலகக் காற்றாலை அமைப்பின் சான்றிதழுக்கு, பணம் கட்டுவது யார்? அந்தச் சான்றிதழ் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டியது, உலகம் முழுக்கச் செல்லும். உன் அளவுக்கு ஹார்னஸ் வாங்குவார்களா, இருக்கிற பெரியதை இறுக்கிக் கட்டச் சொல்வார்களா? மே முதல் செப்டம்பர் வரை சீசன். அப்போது மெஷின் நின்றால் நேரத்துக்கு நேரம் நஷ்டம், ராத்திரி கூப்பிடுவார்கள். தொழிற்சாலைகளில் பெண்களுக்கு இருந்த இரவு வேலைத் தடையைச் சென்னை உயர் நீதிமன்றம் 2000இலேயே செல்லாது என்று சொல்லி, பாதுகாப்புக்கு நிபந்தனைகளும் விதித்தது. ராத்திரி வேலை என்றாலே பயப்பட வேண்டாம், வண்டியும் கூட ஆளும் இருக்கிறதா என்று பார். பத்துப் பேர் வேலை பார்க்கிற இடம் என்றால் பாலியல் தொல்லைப் புகாருக்கு உள் குழு இருந்தாக வேண்டும். அதற்குக் குறைவு என்றால் மாவட்ட அளவில் உள்ளூர்க் குழு இருக்கிறது, அங்கே போகலாம்.

இவற்றுக்கு நேராகப் பதில் சொல்கிற கான்ட்ராக்டர் என்றால், காத்தாடிக்கே போ. சம்பளம் குறைவதைப் பார்க்காதே. கியர் பாக்ஸ், ஜெனரேட்டர், இறக்கையின் கோணத்தை மாற்றுகிற பிட்ச், மெஷினின் முகத்தைக் காற்றுப் பக்கம் திருப்புகிற 'யா', கன்ட்ரோலர், 33 கே.வி. யார்டு என்று நீ படித்ததெல்லாம் ஒரே இடத்தில் கண் முன்னால் நிற்கும். எப்போதும் டவரில்தான் இருப்பாய் என்பதும் இல்லை. கன்ட்ரோல் ரூமில் திரையைப் பார்த்து எந்த மெஷின் ஏன் குறைவாக ஓடுகிறது என்று கண்டுபிடிப்பதும் இதே வேலைதான், மேலே ஏறி இறங்கினவளுக்கு அது நன்றாகப் புரியும். மழுப்பிப் பேசினால் பேனல் கம்பெனிக்குப் போ. அங்கே லைனில் சேர்ந்தாலும், இன்டர்வியூ அன்றே மெயின்டனன்ஸோ டெஸ்டிங்கோ வேண்டும் என்று எழுதிக் கொடு.

சித்தப்பாவோடு வாதாட வேண்டாம். அம்மாவை மட்டும் ஒரு நாள் பகலில் சைட்டுக்குக் கூட்டிப் போ. சைட் இன்சார்ஜிடம் முன்கூட்டியே சொல்லிவிடு. டவருக்குக் கீழே கதவைத் திறந்து ஏணியைக் காட்டச் சொல். ஹார்னஸை அம்மா கையில் கொடு, கேட்கவேண்டியதை அவளே கேட்கட்டும். ஆர்டரில் கையெழுத்துப் போடுவது அதற்குப் பிறகு இருக்கட்டும். பாண்டு, டெபாசிட், சர்டிபிகேட்டை வாங்கி வைத்துக்கொள்வது என்று ஏதாவது எழுதியிருந்தால் அதைப் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பு.

அன்புடன்,
அக்கா