14416-ஐ அவனுக்கு அனுப்பும் முன் நீங்கள் ஒருமுறை அழையுங்கள்

கேள்வி: என் அக்கா மகனுக்கு 19 வயது. கோவையில் விடுதியில் தங்கி இன்ஜினீயரிங் படிக்கிறான். மூன்று பாடங்களில் அரியர். கொஞ்ச நாளாக நள்ளிரவில் 'இனி யாருக்கும் பாரமா இருக்க மாட்டேன்' என்கிற மாதிரி வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் வைத்து, விடிவதற்குள் அழித்துவிடுகிறான். நாங்கள் தஞ்சாவூரில் இருக்கிறோம். 14416 என்ற மனநல உதவி எண்ணை அவனுக்கு அனுப்பினால் போதுமா? பேசினால் போலீஸுக்கோ கல்லூரிக்கோ தகவல் போகுமா? ஆப் ஏதாவது உதவுமா?

பதில்: எண்ணை அனுப்பலாம். அதற்கு முன் நீங்களே அவனைக் கூப்பிட்டுப் பேசுங்கள், இன்றைக்கே. தான் பாரம் என்ற பேச்சு, அரியர், தூங்காத இரவுகள் எல்லாம் சேர்ந்து வருவதைச் சாதாரணமாக விடக் கூடாது. ஸ்டேட்டஸை அழித்ததால் எண்ணமும் போய்விட்டதாக ஆகாது. கண்ணில் பட்டதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். தேதியும் நேரமும் மருத்துவருக்குப் பயன்படும். குடும்ப குரூப்பில் மட்டும் போட்டுவிடாதீர்கள். தெரிந்தால் அடுத்த முறை உங்களுக்கு மறைத்து எழுதுவான்.

நேராகவே கேளுங்கள்: "மாப்ளே, உன் ஸ்டேட்டஸ பாத்தேன். செத்துப்போயிடலாம்னு தோணுதாடா?" கேட்டால் இல்லாத எண்ணத்தைக் கிளப்பிவிடுவோமோ என்ற பயம் பலருக்கு உண்டு. ஆய்வுகள் அந்தப் பயத்துக்கு ஆதாரம் தரவில்லை. 'ஆமா' என்றால், எப்படி என்று யோசித்து வைத்திருக்கிறானா, அதற்கான பொருள் கைவசம் இருக்கிறதா, இன்று ராத்திரி அறையில் கூட யார் இருக்கிறார்கள் என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். 'அரியருக்கெல்லாமா இப்படி', 'உங்கம்மாவ நெனச்சுப் பாத்தியா' என்பவை வேண்டாம். தன்னையே பாரமாக நினைப்பவனுக்கு அது இன்னொரு குற்ற உணர்ச்சியாகத்தான் போய்ச் சேரும்.

யோசித்து வைத்திருக்கிறான், பொருளும் கைவசம் இருக்கிறது என்றால் அது அவசரநிலை. நீங்கள் லைனிலேயே இருங்கள். வீட்டில் இன்னொருவர் வேறு போனில் அறைத்தோழனையும் வார்டனையும் அழைத்து, யாராவது அவன் பக்கத்திலேயே இருக்கும்படி செய்யட்டும். 108-ஐத் தஞ்சாவூரிலிருந்தே அழைத்து, விடுதியின் பெயர், தெரு, அறை எண் சொல்லி கோவைக்கு வண்டி கேட்கலாம். இந்த விவரங்கள் இப்போதே ஒரு தாளில் எழுதியிருக்க வேண்டும். பதற்றத்தில் தேடினால் கிடைக்காது.

இனி 14416. இது 2022 அக்டோபர் 10-ல் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் என்ற தொலைபேசி மனநலச் சேவை. கட்டணம் இல்லை, 24 மணி நேரமும் உண்டு. 1800 891 4416 என்ற எண்ணும் அதனுடையதே. அழைத்ததும் மொழியைத் தேர்வு செய்யச் சொல்லும். முதலில் பயிற்சி பெற்ற ஆலோசகர் பேசுவார். தேவைப்பட்டால் மனநல மருத்துவரிடமோ உளவியலாளரிடமோ இணைப்பார், பக்கத்திலுள்ள அரசு மருத்துவமனைக்கு வழிகாட்டுவார். பலருக்குத் தெரியாத ஒன்று, அவனுக்காக நீங்களும் அழைக்கலாம். நிலைமையைச் சொல்லி, 'இவனிடம் எப்படிப் பேசுவது?' என்றே கேளுங்கள். அழைத்துப் பார்த்தவர் கொடுக்கும் எண்ணுக்கு மதிப்பு அதிகம். "நான் பேசிப் பாத்தேன்டா, தமிழ்ல நல்லா பேசுறாங்க. கான்ஃபரன்ஸ் போடவா?" என்றால் அவனும் பேச வாய்ப்பு அதிகம்.

உதவி எண்கள் பொய்த்துப்போவது பெரும்பாலும் சின்னக் காரணங்களால்தான். லைன் கிடைக்காமல் ஒருமுறை கட் ஆனால், அந்த மனநிலையில் இருப்பவர் மறுபடி முயலமாட்டார். அதனால் இரண்டாவது எண்ணும் வேண்டும்: சென்னையிலுள்ள தற்கொலைத் தடுப்பு அமைப்பான சினேகாவின் 044 2464 0050, தமிழக அரசின் மருத்துவ உதவி எண் 104. சினேகா 1986-ல் மனநல மருத்துவர் டாக்டர் லட்சுமி விஜயகுமார் தொடங்கியது. அங்கே தன்னார்வலர்கள் தீர்ப்புச் சொல்லாமல் காது கொடுத்துக் கேட்பார்கள். அடுத்தது ரீசார்ஜ். வேலிடிட்டி முடிந்தால் அவுட்கோயிங் நின்றுவிடும். அவன் எண்ணை நீங்களே பார்த்துப் போட்டுவிடுங்கள். வாட்ஸ்அப்பில் சுற்றும் பழைய பட்டியல்களில் இயங்காத எண்களும் உண்டு, அழைத்துப் பார்க்காமல் ஃபார்வர்டு செய்யாதீர்கள். காண்டாக்ட்டில் 'தற்கொலைத் தடுப்பு' என்று பதிய வேண்டாம், அறைத்தோழர்கள் பார்ப்பார்கள். அவன் விரும்பும் பெயரில் பதிந்து முகப்புத் திரையில் வைக்கட்டும்.

சில தேர்ந்த கருவிகள் பணம் கேட்காதவை. அதில் ஒன்று பாதுகாப்புத் திட்டம். மனம் தெளிவாக இருக்கும் ஒரு பகலில் இருவரும் உட்கார்ந்து எழுதி, போட்டோ எடுத்து அவன் போனில் வையுங்கள். ஆறு விஷயங்கள், அவன் வார்த்தையிலேயே. ஆரம்பிக்கும்போது என்ன தெரியும் (ராத்திரி ரெண்டு மணி, மார்க் லிஸ்ட்டைத் திரும்பத் திரும்பப் பார்ப்பது). தனியாக என்ன செய்தால் கொஞ்சம் தணியும் (குளிப்பது, மொட்டைமாடியைத் தவிர்த்து கீழே நடப்பது). யாரோடு இருந்தால் கவனம் திரும்பும். யாரிடம் உண்மையைச் சொல்லலாம். எந்த எண், எந்த மருத்துவர். கடைசியாக, ஆபத்தான எதை அறையிலிருந்து அகற்ற வேண்டும். இந்தக் கடைசியைத்தான் நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள். உந்துதல் பெரும்பாலும் சிறிது நேரத்தில் தணியும். அந்த நேரத்தில் கைக்கெட்டாமல் இருப்பதே உயிரைக் காக்கும். தேவைக்கு மேல் உள்ள மாத்திரைகளை அறைத்தோழனிடமோ வார்டனிடமோ கொடுத்துவிடச் சொல்லுங்கள். விடுமுறைக்கு வரும்முன் வீட்டில் பூச்சிமருந்து இருந்தால் வெளியேற்றுங்கள். கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோயில் பகுதிக் கிராமங்களில் பூச்சிமருந்தைப் பொது இடத்தில் பூட்டி வைத்துப் பார்த்தபோது தற்கொலைகள் குறைந்ததை டாக்டர் லட்சுமி விஜயகுமாரின் குழு பதிவு செய்திருக்கிறது.

ஆப்களைப் பொறுத்தவரை, மூச்சுப் பயிற்சி, மனநிலைக் குறிப்பு, தூக்கக் கணக்கு வரை சரி. டெலி மானஸுக்கே 2024-ல் ஆப் வந்துவிட்டது. ஏஐ சாட்பாட்டை மட்டும் நெருக்கடி நேரத்துக்கு நம்ப வேண்டாம். பதில் எவ்வளவு இதமாக இருந்தாலும் அதனால் அறைக் கதவைத் தட்ட முடியாது. இன்ஸ்டாகிராமில் இப்படிப் பதிவு வந்தால் ரிப்போர்ட் பகுதியில் தற்கொலை என்ற பிரிவு உண்டு. யார் சொன்னது என்பது அவனுக்குத் தெரியாது, உதவித் தகவல் அவன் திரைக்கு வரும். அதைச் செய்துவிட்டு, போன் செய்வதை விட்டுவிடக் கூடாது.

போலீஸ் பயம் பெரிய தடை. மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017-ன் 115-ஆவது பிரிவு, தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கொள்ள வேண்டும், தண்டிக்கக் கூடாது என்கிறது. இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில், தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய பழைய 309-ஆவது பிரிவு இல்லை. எண்ணத்தைப் பற்றிப் பேசுவது எந்தக் காலத்திலும் குற்றமாக இருந்ததில்லை. உதவி மையத்தில் பேசுவது ரகசியம், கல்லூரிக்கு அறிக்கை போகாது. உயிருக்கு உடனடி ஆபத்து என்றால் மட்டும் அவசர உதவியை வரவழைக்க முயல்வார்கள்.

வெளிநாட்டில் உள்ள உறவினருக்கு 14416 பயன்படாது. இலங்கையில் 1926, சிங்கப்பூரில் 1767, மலேசியாவில் 03 7627 2929.

இந்த வாரத்துக்குள் ஒருவர் கோவைக்குப் போய் அவனை மனநல மருத்துவரிடம் கூட்டிச் செல்லுங்கள்; அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் அந்தப் பிரிவு உண்டு. அரியர் தேதிகளையும் ரிசல்ட் நாளையும் கேட்டுக் குறித்துக்கொண்டு, அந்த இரவுகளில் அவன் தனியாக இல்லாதபடி முன்கூட்டியே ஏற்பாடு செய்யுங்கள்.