சிக்னலில் உதறும் பழைய கார்: ஐட்லிங் பற்றிய கேள்வி பதில்

பட்டறையில் பழைய பெட்ரோல் கார்களோடு பல வருடம் இருந்தவன் என்பதால் ஐட்லிங் (ஆக்சிலேட்டரை மிதிக்காமல் என்ஜின் மெதுவாக ஓடுவது) பற்றிய கேள்விகள் என்னிடம் நிறைய வரும். அவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

கேள்வி (சேலம்): 1996 மாருதி 800, கார்புரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் பாகம்) உள்ளது. சிக்னலில் நின்றால் ஸ்டியரிங் வரை உதறுகிறது, ஓட்டும்போது தெரிவதில்லை. ஐட்லிங் ஸ்குருவைத் திருகி ஏற்றிக் கொடுத்தார்கள், பத்து நாளில் பழையபடி ஆகிவிட்டது. எங்கிருந்து தொடங்குவது அண்ணா?

பதில்: தம்பி, அந்த ஸ்குருவை இனி யாரும் தொட விடாதீர்கள். அதை ஏற்றினால் கோளாறு மறையும், போகாது. பெட்ரோல்தான் வீணாகும்.

நின்றால் உதறல், ஓட்டினால் இல்லை என்றால் முதல் சந்தேகம் ஏர் லீக். ஐட்லிங்கில் என்ஜின் இழுப்பதே கொஞ்சம் காற்றுதான். வெடித்த ரப்பர் குழாய் (ஹோஸ்) வழியாக இன்னும் கொஞ்சம் புகுந்தாலும் கலவை கெட்டுவிடும். வேகத்தில் போகும்போது அதே ஓட்டை ஒரு பொருட்டே இல்லை. என்ஜின் ஓடும்போது என்ஜினின் உறிஞ்சுதலை (வேக்யூம்) எடுத்துச் செல்லும் வேக்யூம் ஹோஸ்களை ஒவ்வொன்றாகக் குறடால் மெதுவாக அழுத்துங்கள். எதை அழுத்தும்போது உதறல் குறைகிறதோ அந்த வழியைப் பாருங்கள். ஒரு வண்டியில் கார்புரேட்டரை இரண்டு முறை கழற்றிச் சுத்தம் செய்த பிறகுதான், விரல் நீளமுள்ள ஒரு ஹோஸின் அடிப்பக்கம் வெடித்திருந்தது என் கண்ணில் பட்டது. அன்றிலிருந்து எனக்கு ஹோஸ்தான் முதலில்.

ஹோஸ் சரி என்றால், ரப்பர் பிடியுள்ள குறடால் பிளக் வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பாருங்கள். எதைக் கழற்றினாலும் என்ஜின் இன்னும் தடுமாற வேண்டும். எந்த வயரைக் கழற்றியும் மாற்றம் இல்லையோ, அந்த சிலிண்டர்தான் வேலை செய்யவில்லை. அந்த பிளக்கைப் பக்கத்து சிலிண்டருக்கு மாற்றுங்கள். கோளாறும் கூடவே போனால் பிளக்தான். 796 சிசி, மூன்றே சிலிண்டர் என்பதால் நல்ல 800 கூட லேசாக அதிரும், அதற்குப் பயப்பட வேண்டாம்.

கேள்வி (கரூர்): கேஸில் ஓடும் ஆம்னி. காலையில் ஐட்லிங் அருமை. சூடானதும் தடுமாறி ஆஃப் ஆகிறது. டேப்பெட் சத்தம் துளிகூட இல்லை சார்.

பதில்: சத்தமே இல்லை என்பதுதான் என்னைக் கவலைப்பட வைக்கிறது. கேஸில் ஓடும் வண்டியில் புகையை வெளியேற்றும் எக்ஸாஸ்ட் வால்வு உட்காரும் இடம் (சீட்) சீக்கிரம் தேயும். வால்வு மேலே ஏறி, டேப்பெட் கேப் (வால்வுக்கும் அதைத் தள்ளும் பாகத்துக்கும் நடுவில் உள்ள இடைவெளி) குறைந்துகொண்டே வரும். கேப் கூடினால் டக் டக்கென்று கேட்கும். குறைந்தால் எதுவும் கேட்காது, நாமும் என்ஜின் நன்றாக இருக்கிறது என்று நினைத்துக்கொள்வோம். சூடானதும் வால்வு நீள்கிறது, இருந்த கேப்பும் போய்விடுகிறது, வால்வு முழுதாக மூடுவதில்லை. சிலிண்டருக்குள் இருக்கும் அழுத்தம் (கம்ப்ரஷன்) கசிகிறது. அப்படியே ஓட்டினால் வால்வு கருகும், ஹெட்டைக் கழற்ற வேண்டியிருக்கும். இந்த வாரமே குளிர்ந்த என்ஜினில் டேப்பெட் செட் செய்யச் சொல்லுங்கள். தள்ளிப்போடாதீர்கள்.

கேள்வி (நாகர்கோவில்): பழைய ஜென். பிரேக்கை மிதித்தால் ஐட்லிங் மாறுகிறது, பிரேக்கும் கொஞ்சம் கெட்டியாக இருக்கிறது. இரண்டுக்கும் சம்பந்தம் உண்டா அண்ணா?

பதில்: நிச்சயம் உண்டு அம்மா. மிதிக்கும் விசையைக் கூட்டித் தரும் பிரேக் பூஸ்டர் என்ஜினின் வேக்யூமில்தான் வேலை செய்கிறது. அதற்குள் இருக்கும் ரப்பர் டயாஃப்ரம் கிழிந்தாலோ ஹோஸ் கசிந்தாலோ ஐட்லிங்கும் கெடும், பிரேக்கும் கெட்டியாகும். ஐட்லிங்கை மறந்துவிட்டு முதலில் பிரேக்கைப் பாருங்கள். அது சரியாகும்வரை வண்டியை எடுக்க வேண்டாம்.

கேள்வி (மதுரை): 2005 மாருதி 800, எம்.பி.எஃப்.ஐ. (கார்புரேட்டருக்குப் பதில் இன்ஜெக்டர் பெட்ரோலைத் தெளிக்கும் வகை). ஏ.சி. போட்டால் நின்றுவிடும்போல ஆகிறது. இதிலும் பிளக் வயரைக் கழற்றிப் பார்க்கலாமா?

பதில்: இதில் வேண்டாம். எரியாத பெட்ரோல், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டருக்குள் போய் அதைக் கெடுக்கும். இன்ஜெக்டர் கனெக்டரைக் கழற்றிப் பார்த்தால் போதும். உங்கள் பிரச்சினைக்கு, என்ஜினுக்குக் காற்று போகும் த்ராட்டில் பாடியையும் ஐட்லிங் வால்வையும் சுத்தம் செய்யுங்கள். அங்கே கரி படிந்தால் ஏ.சி. சுமைக்குத் தேவையான கூடுதல் காற்று கிடைக்காது.

கேள்வி (திருச்சி): அப்பாவின் அம்பாசிடர், பாயிண்ட் செட் (மின்சாரத்தை வெட்டி பிளக்கில் பொறி வரவைக்கும் பழைய வகை சுவிட்ச்) உள்ளது. பாயிண்டைத் தேய்த்தால் சரியாகிறது, ஒரு மாதத்தில் திரும்ப வருகிறது.

பதில்: கண்டென்சரை (பாயிண்டில் தீப்பொறி பறக்காமல் தடுக்கும் சிறு பாகம்) மாற்றுங்கள். அது பலவீனமானால் பாயிண்ட் திரும்பத் திரும்பக் கருகும். பாயிண்ட் கேப் 0.35 முதல் 0.40 மி.மீ.

கேள்வி (வேலூர்): எல்லாம் பார்த்தாயிற்று, உதறல் போகவில்லை. என்ஜினைப் பிரித்து வேலை பார்த்தே ஆக வேண்டும் என்கிறார்கள். எப்படி நம்புவது?

பதில்: கம்ப்ரஷன் பார்க்காமல் சம்மதிக்காதீர்கள். எல்லா பிளக்கையும் கழற்றி, ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்து அளக்கச் சொல்லுங்கள். ஒரு சிலிண்டர் மட்டும் குறைந்தால் அதில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி அளக்க வேண்டும். கூடினால் பிஸ்டன் ரிங் தேய்மானம். கூடாவிட்டால் வால்வு அல்லது ஹெட் கேஸ்கெட். எல்லாம் சமமாக, நன்றாக இருந்தால் என்ஜினைத் தாங்கும் ரப்பர் மவுண்ட்டைப் பாருங்கள். ரப்பர் இறுகிப்போனால் நல்ல என்ஜினின் அதிர்வும் உதறல்போலத் தெரியும்.